பத்திரிகையில் இழுத்த சிவப்புக் கோடு

அக்கா கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் என் பெயருக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. இழுத்தவர் அத்தான், என் அத்தை மகன்.

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் பெயர் பாதி, படிப்பு பாதி. பி.இ., எம்.பி.ஏ. என்று வால் இல்லாத பெயரை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். நானோ அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்து பாதியில் விட்டவள். ஆனால் கீழே அப்பாவின் விசைத்தறி அலற, மாடியில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படித்து, கிளவுட் கம்ப்யூட்டிங்கில் மூன்று சான்றிதழ் வாங்கியிருந்தேன். அப்பாவுக்கு ஒரு இழவும் புரியவில்லை. ஆனாலும் மூன்றையும் ஓர் எழுத்து விடாமல் அச்சகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

குடும்பத்தில் ஒரே இன்ஜினியர் என்பதால் புரூஃப் பார்ப்பது அத்தான்தான்.

"மாமா, இதெல்லாம் ஒரு படிப்பா? டைப்ரைட்டிங் லோயர் பாஸுன்னு போடுத மாதிரி இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் சிரிப்பான்" என்று கோட்டை இழுத்தார்.

அதோடு விட்டாரா மனிதர்? அந்த வருடமே, திருநெல்வேலியில் அவர் மேனேஜராக இருந்த கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். கடைசிச் சுற்றில் எதிரே அவர். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி, சர்டிபிகேட்டு காசு கட்டுனா எவனும் தருவான். டிகிரி இல்லாம உன்னைய எப்படி உள்ள விடுவேன்? வீட்டுக்குப் போ."

பஸ்ஸில் எங்கள் ஊர் சங்கரன்கோவில் வரும்வரை அழுதேன். இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். இந்த ஆள் ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார வேண்டும். அம்மனிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

கேட்டது கிடைத்தது. டிகிரி கேட்காத ஒரு பெங்களூர் கம்பெனி என்னை எடுத்தது. இப்போது அதே மாடியறையில் இருந்தபடி அவர்களுக்கு நான் ஆள் எடுக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வந்த விண்ணப்பப் பட்டியலில் அத்தான் பெயர். அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். வேலை போனது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாராம். அத்தை போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சொந்தக்காரர் என்றால் நான் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விலகுவேனா?

திரையில் என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. "வணக்கம் சார்" என்றேன். அத்தான் என்று கூப்பிடவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். வேலை தெரிந்தவர்தான், பாவி மனிதர்.

"சர்டிபிகேட் நம்பர் சொல்லுங்க சார்."

"அதெல்லாம் எடுக்கலைம்மா. பதினாலு வருச அனுபவம் இருக்கு, பி.இ. இருக்கு..."

அன்றைய 'ஏட்டி' இன்று 'அம்மா'வாகிவிட்டாள்! அப்படி இனித்தது எனக்கு. சேர்ந்து மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் வாங்கினால் போதும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதை நான் சொல்லவில்லை. 'சான்றிதழ் இல்லை' என்று எழுதி அவரைக் கழித்துவிட்டேன்.

போன வாரம் அவர் தம்பியின் கல்யாணப் பத்திரிகையோடு அவரே வீட்டுக்கு வந்தார். என்னிடம் நீட்டிவிட்டு, "சர்டிபிகேட்டுக்குப் படிக்கேன்மா. சந்தேகம்னா உன்கிட்ட கேக்கலாமா?" என்றார். நான் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு பிரித்துப் பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் மூன்று சான்றிதழும், ஓர் எழுத்து விடாமல். அடுத்த வரியில் அவர் பெயர். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, பி.இ.யைக் காணோம். சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டுதான் பிரித்திருந்தேன். அடிப்பதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல் போய்விட்டார்.