தாச்சியும் சோசரும்

பத்து வயதில் நான் புதையல் நிபுணனாக இருந்தேன். ஒரு புதையலையும் கண்டெடுத்தவனில்லை. கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவைத் தாண்டி எங்கேயும் தேடியவனுமில்லை. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுதாக வாசித்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். நிபுணனாவதற்கு எங்கள் வீட்டில் அது தாராளமாகப் போதும்.

அது இலங்கையில் சண்டை முடிந்த வருடம். தை மாதத்திலிருந்தே அப்பாவும் அம்மாவும் வேலையால் வந்த கையோடு கோஷம் எழுதிய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு டவுன்ரவுனுக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுவார்கள். என்னோடு படித்த தமிழ்ப் பெடியன்களையும் அவரவர் தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். நான் கோஷம் போட்ட வேகத்தில் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தேன். அது திரும்பி வரவில்லை. அந்தக் குளிரில் காதுக்குள் சளி பிடித்து, இரண்டு கிழமை வீடு முழுக்க என் அழுகைதான் கேட்டது. "நீ வீட்டில நிண்டு போராடினால் காணும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆகவே பள்ளிக்கூடத்தால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வெறிச்சென்றிருக்கும். ரீவி மட்டும் யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும். நான் அடுப்படியில் நின்று பாணுக்கு ஜாம் பூசுவேன். எனக்கொன்று, எனக்கு முன்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஆளுக்கொன்று. அந்த ஆள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இரண்டையும் நானே சாப்பிட்டு அந்த வருடம் நன்றாகக் கொழுத்தேன்.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பேஸ்மென்ரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி. பாண் பக்டரியில் விடியப்புற வேலை. மத்தியானம் வந்தால் பிறகு வெளியே காலெடுத்து வைக்கமாட்டார். ஆர்ப்பாட்டத்துக்கும் போகமாட்டார். மாமி சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார். மாமிக்குப் பாடமான கனடா நம்பர் ஒன்றே ஒன்று, அது எங்கள் வீட்டு நம்பர். அதனால் எங்கள் வீட்டு கோட்லெஸ் போன் மாமாவின் இடுப்பில் செருகியபடியே இருக்கும். அவர் குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் நான் வகித்த முதலாவது பொறுப்பான பதவி.

மாமி கடைசியாகப் பேசியது தைப்பொங்கலுக்குப் பிறகு. ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று மாமி வேகமாகப் பேசினார். நகையெல்லாவற்றையும் பால்மா ரின்னுக்குள் போட்டு, கிணற்றுக்குப் பின்னால், தேசிமரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் மண்ணைத் தோண்டித் தாட்டுவிட்டாராம். "தாலிக்கொடி மட்டும் கழுத்தில கிடக்குது, அதைக் கழட்ட மனமில்லை" என்றார். மாமா ஏதோ சொல்ல வாயெடுக்க, லைன் அறுந்துவிட்டது.

கொஞ்ச நாளில் மாமா வேலையால் வரும்போது ஒரு ஹொக்கி பையைச் சுமந்துகொண்டு வந்தார். எனக்கு ஹொக்கிச் சாமான் என்று துள்ளினேன். உள்ளே இருந்தது பழைய மெசின். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் விற்றது. நீளத் தடி, அதன் நுனியில் மண்ணுக்கு மேலே பிடிக்கும் வட்டத் தட்டு. தட்டு இரண்டு இருந்தது, மாற்றி மாற்றிப் பூட்டலாம். புத்தகம் அதைக் கொயில் என்றது. மாமா பொரிக்கிற சட்டியளவு இருந்த பெரியதற்குத் தாச்சி என்றும், கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டளவு இருந்த சின்னதற்குச் சோசர் என்றும் பெயர் வைத்தார்.

"சண்டை முடியப் போய் ரின்னை எடுக்கவேணும் மருமோன். அதுக்கு முதல் இதைப் பழகவேணும்."

"மாமிக்கு இடம் தெரியும்தானே, மாமா?"

"உன்ரை மாமிக்குத் தன்ரை கண்ணாடியை வைச்ச இடமே தெரியாது" என்றார் மாமா. சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளியே மண் கல்லாக உறைந்து கிடந்தது. அன்றைக்கே மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி என் பல்லெல்லாம் ஆட, வசந்தம் வரைக்கும் படிப்பு மட்டும்தான் என்று முடிவானது. நான் வாசிப்பேன், மாமா கேட்பார். பெரிய தாச்சி ஆழம் போகும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் சாமான்களைப் பிரித்துச் சொல்லாது. சின்னச் சோசர் குப்பைக்குள்ளும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லும், சின்னச் சாமானையும் பிடிக்கும், ஆனால் ஆழம் போகாது. இதை நான் விளக்கிய தோரணையைப் பார்த்தால் மெசினைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று நினைப்பீர்கள்.

இரும்பை ஒதுக்கும் பட்டன் ஒன்றும் இருந்தது. அதற்குப் புத்தகத்தில் போட்டிருந்த 'டிஸ்கிரிமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் ரீச்சர் நிறவெறி பற்றிய பாடத்தில் சொல்லித் தந்திருந்தார். ஆகவே நான் தயங்காமல் மொழிபெயர்த்தேன்.

"இதில துவேசம் எண்டு ஒரு பட்டன் இருக்கு மாமா. போட்டால் இரும்பைக் கணக்கெடுக்காது."

"அங்கையும் உது இருக்கு. நிப்பாட்டுற பட்டன்தான் இல்லை" என்றார் மாமா.

சித்திரையில் மண் இளகியது. மாமா அம்மாவிடம் ஒரு காப்பு கேட்டார். ஒரு கையுறையைத் தொலைத்தாலே என்னை ஒரு கிழமை தூக்கிப்போட்டு மிதிக்கும் என் அம்மா, ஏன் எதற்கு என்று கேட்காமல், சவர்க்காரம் பூசிக் கழற்றிக் கொடுத்தார். மாமாவும் நானும் அதைப் பால்மா ரின்னுக்குள் போட்டோம். மாமா அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, நான் வேலியோரம் முழங்கை ஆழத்துக்குத் தாட்டுவிட்டு வந்தேன்.

மாமா தாச்சியைப் பூட்டிக்கொண்டு நடந்தார். மெசின் பொரியத் தொடங்கியது. கடுகு தாளிப்பதுபோல் ஒரே படபடப்பு.

"போன், மாமா. பக்கத்தில போன் இருந்தால் குழம்புமாம். உள்ளுக்கு வைச்சிட்டு வாங்கோ."

"உது மட்டும் ஏலாது. வேற வழி சொல்லு."

வேறு வழி இருந்தது. மெசினின் கூர்மையைக் குறைக்கலாம், ஆனால் ஆழம் போய்விடும். மாமா குறைத்தார். நான் நிபுணன் என்ற முறையில் துவேசப் பட்டனையும் போட்டுவிட்டேன், குப்பைச் சத்தம் வேண்டாமென்று. மெசின் வாயை மூடிக்கொண்டது. மாமா வளவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார். ஒன்றுமில்லை. நான் தாட்ட இடத்தை நானே காட்டலாம் என்று பார்த்தால், நான் அடையாளம் வைத்தது ஒரு பனிக்கட்டிக் குவியலை. அது மத்தியான வெயிலில் உருகிப் போயிருந்தது. இப்படி ஒரு அடையாளம் வைக்கிற ஆளை நம்பித்தான் மாமா வன்னிக்குப் போக இருந்தார்.

அம்மா வர நேரமாகிக்கொண்டிருந்தது. வளவில் நாங்கள் தோண்டிய கிடங்குகள் பெருகின. கடைசியில் மாமாதான் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு யோசித்தார்.

"மருமோன், ரின் என்னத்தால செய்தது?"

"இரும்பு."

"நீ என்னத்தை ஒதுக்கச்சொல்லி வைச்சிருக்கிறாய்?"

பட்டனை நிப்பாட்டினோம். வேலியோரத்தில் மெசின் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. ரின்னை எடுத்து, காப்பைக் கழுவி, அம்மா வந்து இறங்கும்போது மேசையில் வைத்திருந்தோம். அம்மா வளவைப் பார்த்தார், எங்கள் இருவரின் முழங்காலையும் பார்த்தார், போய்த் தேத்தண்ணி போட்டார்.

அதன் பிறகு நாள்தோறும் பயிற்சி. நான் தாழ்ப்பேன், மாமா கண்டுபிடிப்பார். ஏரிக்கரை மணலில் மோதிரமெல்லாம் கிடக்குமாம் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். போன் அங்கே எட்டாது. அதனால் எங்கள் உலகம் அந்த வேலியோடு முடிந்தது. இருந்தாலும் எனக்குக் குறையில்லை. பாணுக்கு ஜாம் பூசினால் இப்போது உண்மையாகவே சாப்பிட ஓர் ஆள் இருந்தார்.

வைகாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வர, அப்பா அம்மா இருவரும் வீட்டில் இருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று ரீவி சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெளிவான விஷயமாக இருந்தது. சண்டை முடிந்தால் ரின்னை எடுக்கப் போகலாம், அதுதானே ஏற்பாடு? நான் ஹொக்கி பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பிளேனில தாச்சியைக் கொண்டுபோறதோ சோசரையோ?" என்று கேட்டேன். அப்பா எழும்பி ரீவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார். அடுப்பு அன்றைக்கு மூட்டப்படவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தும், நான் தனியே ஜாம் பூசிய நாட்களைவிட அன்றைக்குத்தான் அங்கே யாருமில்லாதது போல இருந்தது.

வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களைத் தேடி மாமா யார் யாருக்கோ போன் எடுத்தார். எடுத்த வேகத்தில் வைப்பார், மாமி எடுக்கும் நேரத்தில் லைன் பிஸியாக இருக்கக்கூடாது என்று. ஆனியும் வந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு செய்தி வந்தது. எங்கள் போன் விளம்பரக்காரருக்காக மட்டும் அடித்தது.

ஒரு சனிக்கிழமை மாமா மேலே வந்து, "அக்கா, உன்ரை கொடியை ஒருக்காத் தாறியே? ரெஸ்ற் பண்ணிப் பாக்க" என்றார்.

காப்பைக் கேள்வியில்லாமல் கழற்றிக் கொடுத்த அம்மா கத்தத் தொடங்கினார்.

"உனக்கென்ன விசரே? தரமாட்டன். அவள் கழுத்தில கொடியோட எங்கையோ ஒரு காம்பில உயிரோட இருப்பாள். என்னட்டை உதைக் கேக்காதை. தரமாட்டன்!"

கொடி காப்பைவிடப் பாரம் கூடியது, அதுதான் அம்மாவுக்கு லோபம் என்று நான் கணக்குப் போட்டேன். நிபுணன் சும்மா இருக்கலாமா? குளியல் தொட்டியின் அடைப்பில் ஒரு சங்கிலி இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினேன். மாமா அதை உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

"ரின்னுக்குள்ள போடுறதோ?"

"ரின் வேண்டாம். சும்மா மண்ணுக்குள்ள தாழ்."

விளையாட்டில் நாங்கள் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு உற்சாகம். விரலளவு ஆழத்தில் தாட்டேன். தாச்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை. சோசர் மெல்ல முனகியது. "இன்னும் ஆழமா" என்றார். முழங்கை ஆழத்தில் சோசரும் செத்துப்போனது. "இன்னும்" என்றார். நான் தோள் வரைக்கும் கையை விட்டுத் தாட்டேன். மாமா அந்த இடத்துக்கு மேலேயே நின்று, கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புத்தகம் என்ன சொல்லுது?"

"சங்கிலி சரியான கஷ்டமாம் மாமா. அதை ஒரு சாமானா எடுக்காதாம், ஒவ்வொரு வளையமும் தனித்தனி மாதிரியாம். அதுக்குச் சின்னக் கொயில்தான் வேணும். ஆனால் ஆழத்துக்குப் பெரிய கொயில் வேணும்."

"ரெண்டும் சேர்ந்த கொயில்?"

"அப்பிடி ஒண்டு இல்லை."

"வடிவாப் பார் மருமோன்."

வடிவாகப் பார்த்தேன். ஆங்கிலம் முடிய, கனடாப் புத்தகம் என்றபடியால் பிரெஞ்சும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு அதிலும் விரலோட்டினேன்.

"பிரெஞ்சிலயும் இல்லை, மாமா."

மாமா தலையாட்டினார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். உள்ளே போய், அடுப்படி மேசையில் அதற்குரிய ஸ்ராண்டில் வைத்துவிட்டு, வெறும் இடுப்போடு திரும்பி வந்தார். மெசினின் கூர்மையை முழுதாகக் கூட்டினார். இத்தனை நாளும் கூர்மையைக் கூட்டினாலே பொரிந்த மெசின் ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் நின்றது. புத்தகத்தில் சொன்னபடியே.

"பாத்தீங்களே! நான் அப்பவே சொன்னனான், போனை உள்ளுக்கு வைக்கச்சொல்லி!"

"ஓம் மருமோன்" என்றார் மாமா. "நீ சொன்னது சரிதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர் ஒருவர் என் சொல்லைக் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. மாமா சோசரை மண்ணுக்கு மேலே மெல்ல மெல்ல அசைத்தபடி போக, நான் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அடுப்படி ஜன்னலில் அம்மா நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, ஸ்ராண்டில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கும் ஒருநாள் இந்த மெசினை ஆறுதலாக விளங்கப்படுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.