முழிப்பு மாத்திரை

பூலோகம் தூங்காத இடம் தாராவியில் கிடையாது. பஸ்ஸில் தொங்கியபடி தூங்குவார், தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபடி தூங்குவார். சொந்தக் கல்யாணத்திலேயே முதல் முடிச்சோடு கண் சொருகிவிட்டது. நல்லவேளை, மிச்ச முடிச்சுக்கு அக்கா இருந்தாள்.

ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் பகலில் இதே கதைதான். மதுவிலக்குக் காலம் வேறு. ஒரு போலீஸ்காரர் சாராயமென்று நினைத்து வாயை ஊதச் சொல்லி, வெங்காயச் சட்னி நாற்றத்தில் அவரே மயங்கப் பார்த்தார்.

ஜெயினுலாப்தீனின் தோல் பட்டறையில் செருப்பு வார் வெட்டும் மெஷின் பூலோகத்துடையது. மேலிருந்து இரும்பு இறங்கும். ஆட்டுத்தோலுக்கும் ஆள் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒருநாள் தலை சாய்ந்தது. முதலாளி சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல் தப்பியது.

"இன்னொரு தடவ தூங்குனா வேலை கெடையாது வே! ஒம்ம வெரல அறுத்துப் போட்டு நான் பிரியாணி கிண்ட முடியாது."

மனைவி சொர்ணம்மாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மாட்டுங்காத் தமிழரான டாக்டர் மகாதேவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது சோம்பேறித்தனம் இல்லை, வியாதி" என்றார். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பூலோகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் முழிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"காலம்பற ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. மூணாவதைத் தொடப்படாது, கேட்டேளா? ஹார்ட்டுக்கு ஆகாது."

மாத்திரை பலித்தது. மத்தியான வெயில் எப்படி இருக்குமென்று அந்த வாரம்தான் முழுசாகப் பார்த்தார்.

பெருநாள் ஆர்டர் வந்து குவிந்தது. ரெண்டு மாத்திரைக்கு ஒரு ஆள் வேலை என்றால் அஞ்சுக்கு ரெண்டரை ஆள் வேலையாச்சே என்று பூலோகம் கணக்குப் போட்டார். அஞ்சையும் வாயில் போட்டே விட்டார். மாஹிமிலிருந்து டோம்பிவிலி வரை அத்தனை காலுக்கும் வார் வெட்டினார், எல்லாம் இடது கால். ரெண்டு நாளாகச் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. நெஞ்சு எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ஃபாஸ்ட் லோக்கல் ரயில் மாதிரி ஓடியது.

"என்னய வேலைய விட்டுத் தூக்கத்தான எல்லாரும் குசுகுசுங்கிய?" என்று முதலாளி மேலேயே பாய்ந்தார். பேசிக்கொண்டிருந்தது பாவம், ரெண்டு புறா.

சொர்ணம்மாள் மறுபடி இழுத்துப் போனாள். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார்.

"மத்தியானம் மாத்திரைக்குப் பதிலா இருபது நிமிஷம் தூங்கணும்."

பூலோகம் சொர்ணம்மாளைப் பார்த்தார். தூங்கினால்தானே வேலை போகும்?

நாலு நாள் கழித்து, உடம்பு கொஞ்சம் தேறியதும், முதலாளி முன்னால் போய் நின்றார். "மொதலாளி, அன்னைக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். இப்ப டாக்டரு பகல்ல தூங்கச் சொல்லுதாரு. நீங்க தூங்கப்படாதுங்கிய. நான் யாரு பேச்சக் கேக்க?"

ஜெயினுலாப்தீன் தாடியைச் சொறிந்தார். "மெஷின்ல தூங்கப்படாதுன்னுதான வே சொன்னேன். மத்தியானம் நான் தொழப் போவும்போது மெஷின் நிக்கும்லா? அப்பப் படுத்துக்கிடும்."

மறுநாள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மெஷின் நின்றது. பூலோகம் தோல் குவியல்மேல் சாய்ந்தார். தொழுதுவிட்டு வந்த முதலாளி, மெஷின் ஸ்விட்சைத் தட்டப்போன பட்டறைப் பையன் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுல. அவருக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு."