பாடையில் கிடந்தவளின் கையில் ஒரு தேசிக்காய்

இத்தாலி உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பெனால்டியில் கோட்டை விட்டு, பலேர்மோவே செத்த வீடு போலக் கிடந்த வருஷம் அது!

அந்த வருஷம் எங்களையும் ஒரு செத்த வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

(எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், போன் எழுதுகிறது. பிழை இருந்தால் போனோடு சண்டை பிடியுங்கள்.)

பழைய பிரெஞ்சு ஒபேரா ஒன்றை மேடையில் ஆடவிட்டு, டிவிக்குப் படம் பிடித்தார்கள். பேய், மந்திரவாதி எல்லாம் வரும் கதை.

பாடை தூக்க நாலு ஆள் வேண்டுமாம். மயில்வாகனம் அண்ணை, ராசன், மொரீசியஸ் தமிழர் சிவென், நான். நாலு பேருக்கும் வீடு துடைக்கிற வேலை.

ராசனுக்குத்தான் அது வாழ்வா சாவா. அந்தக் கிழமையோடு அவனுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிற அனுமதி, முடிகிறது. படம் பிடித்து முடிந்ததும் முத்திரை குத்திய வேலைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் கால் வைக்க முடியாது.

போனால், பாட்டுக்காரி லவீனியா முகமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு பாடையில் படுத்திருக்கிறாள்!

அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளையைப் பாடையிலை தூக்கிறதோ? நான் மாட்டன்!"

"அண்ணை, அது நடிப்பு!"

"நடிப்பெண்டு யமனுக்கு ஆர் சொல்லுறது? நீயோ?"

சிவென் மொழிபெயர்த்தான். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "மூடநம்பிக்கை!"

ராசன் அழாத குறை. வேஷ உடுப்புப் போட மேல்கோட்டைக் கழற்றினான்.

உள்ளே கத்தரிப்பூ நிறச் சட்டை! (குவெஸ்தூராவுக்குப் போட்டுப் போகிற ராசியான சட்டை.)

பிணம் அலறிக்கொண்டு எழும்பி ஓடியது!

டைரக்டரின் சிரிப்பு நின்றது. அவர் கை இடுப்புக்குக் கீழே ஓரிடத்துக்குப் போனது. (எந்த இடமென்று போனுக்கும் சொல்ல மாட்டேன். அங்கே தொட்டால் இந்த ஊர் ஆம்பிளைகளைக் கெட்டது அண்டாதாம்.)

"என்னடா சிவென், தீப்பிடிச்சிட்டுதோ?"

"இல்லை அண்ணே. இந்த நிறம் தியேட்டருக்குள்ளே வந்தால் சாவு வருமாம்."

அண்ணையின் முகம் மலர்ந்தது. "ஓகோ! நாங்கள் பயந்தால் மூடநம்பிக்கை. அவை பயந்தால் அதுக்கு என்ன பேராம்? கேள் அந்தாளை!"

சிவென் கேட்டான். அண்ணைக்கு என்ன வேண்டுமாம் என்று டைரக்டர் திருப்பிக் கேட்டார்.

பிறகென்ன, ஒப்பந்தம்தான்! ராசன் சட்டையை வெளியே கொண்டுபோய் வைப்பது. லவீனியா ஒரு தேசிக்காயை (எலுமிச்சைதான்) கைக்குள் பொத்திக்கொண்டு படுப்பது. யமன் வந்து பார்த்தால் ஆள் உயிரோடு என்று தெரியட்டும்!

லவீனியா ஏன் எதற்கென்று கேட்கவில்லை. மற்றக் கையையும் நீட்டினாள். "இன்னொன்று இல்லையா?"

கேமரா ஓடியது. தூக்கினோம். நடு மேடையில் செத்தவள் திடீரென்று எழும்பி உட்கார்ந்து, கண்ணாடி உடைகிற குரலில் பாடத் தொடங்கினாள்!

(பேய்க் கதை என்று சொன்னவர்கள், பேய் எங்கள் தோளில்தான் என்று சொல்லவில்லை!)

அண்ணையின் பக்கம் சரிந்தது.

"அண்ணை, விட்டிடாதேங்கோ! என்ரை பெர்மெஸ்ஸோ!" பின்னால் நின்ற ராசன் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினான்.

அண்ணை விடவில்லை. "முருகா!" என்று மட்டும் கத்தினார்.

(அந்தப் படம் இப்போது போனில் கிடக்கிறது. பிரெஞ்சுப் பாட்டுக்கு நடுவில் ஒரு முருகா கேட்கும்!)

ராசனுக்குக் கடிதம் கிடைத்தது, பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. எந்தச் சட்டையோடு போனான் என்று கேட்கிறீர்களா? அதே சட்டைதான்!

நேற்றுக் கபோ சந்தையில் தேசிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தடியூன்றிய ஒரு சிஞ்ஞோரா, இந்த ஊர் அம்மா, என்னையே பார்த்தார்.

"பாரா?" என்றார். (பாடைக்கு அவர்களுடைய சொல். பெரிய தூரமில்லை!)

"ஓம், பாடை!" என்றேன்.

"மற்ற மூன்று பேரும்?"

மேலே கையைக் காட்டினேன். டைரக்டரும் அங்கேதான் என்று அவரும் மேலே காட்டினார். பிறகு ஒரு தேசிக்காயை என் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டார்.

"இனி இது உனக்குத்தான் வேண்டும்."

அண்ணை இல்லை, சிவென் இல்லை, போன மாசியில் ராசனும் இல்லை. அன்று அந்த மேடையில் செத்துக் கிடந்தது ஒரே ஒரு ஆள். இன்று என்னைத் தவிர உயிரோடு இருப்பதும் அதே ஆள்தான்.

லவீனியா!