வெள்ளரிக்கு மேல் தண்ணீர்

சமஸ்தானத்து நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அளந்த காலத்தில், முழுக்கால் சட்டை போட்ட யார் வந்தாலும் அவர் சர்வேக்காரர்தான் என்று எங்கள் ஊர் முடிவு கட்டிவிடும். உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே எங்கள் கண்மாய்க் கரையில் வந்து உட்கார்ந்தவரிடம் மூன்று கால் வைத்த பலகை வேறு இருந்தது. கேட்டவர்களிடம், சும்மா படம் வரைவதாகச் சொன்னாராம்.

"படம் வரையவா இம்புட்டு வெயில்ல ஒருத்தன் உக்காருவான்?" என்றாள் அம்மா.

அய்யா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கோ எங்கள் வெள்ளரிக் கொடியைப் பற்றித்தான் கவலை. வற்றிய கண்மாய்க்குள் வெள்ளரி போடக் கூடாது என்பது சட்டம். அந்தப் பங்குனியில் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் கொடியில்தான் காய்த்துக்கொண்டிருந்தது. சர்க்கார் கண்ணில் பட்டால் கொடியை அறுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. படமானாலும் படித்தவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அய்யா நம்பினார், நானும் மறுக்கவில்லை.

"ஏத்தா, என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுட்டு வா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டரைப் போலப் பார்வையிட்டேன். எழுத்து எதுவும் இல்லை. பனைகள், ஆடுகள், வெடித்துக் கிடக்கும் கண்மாய், அதன் நடுவில் பச்சையாக எங்கள் வெள்ளரி. பச்சைக்குள் விரல் உயரத்தில் ஒருவர் குடத்தோடு குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புத் துண்டு.

ஓடிவந்து, கொடி மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னேன்.

அய்யா கரைக்குக் கீழே நின்றே குரல் கொடுத்தார். "ஏங்க, அந்தப் பச்சை இருக்குற எடத்துல தண்ணியப் போடுங்க."

"அங்க தண்ணி இல்லையே, அண்ணே?"

"கார்த்திகையில கெடந்துச்சுல்ல, அதப் போடுங்க."

வந்தவர் சிரித்தார். அய்யா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும், நீலத்தைக் குழைத்து அந்த இடத்தில் பூசினார்.

அய்யாவுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் என்னை ஏற்றிவிட்டார். பார்த்துவிட்டு இறங்கி வந்து பெருமையாகச் சொன்னேன்.

"பச்சையும் இல்ல, நீங்களும் இல்ல. எல்லாம் தண்ணி."

"நானுமா இருந்தேன்?"

"ஆமாய்யா, குடத்தோட."

"துண்டு கட்டியிருந்தேனா?"

"செவப்புத் துண்டு. ஆனா மொகம் போடல, ஆளு அடையாளம் தெரியாது. அதான் போயிருச்சே!"

வீடு வரும்வரை அய்யா கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். சந்தேகம் இன்னும் தீரவில்லை போலும் என்று நினைத்து, "பயப்படாதீங்கய்யா, நீங்க அதுல இல்லவே இல்ல" என்று அடித்துச் சொன்னேன். எப்போதும் நான் சொன்னால் சரி என்பவர், அன்றைக்கு மட்டும் "பேசாம வாத்தா" என்றார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.