நாற்பது இருக்கைகளிலும் என் பெயர்

வாசகரே, நீங்கள் சாட்சியாக நில்லுங்கள். நான் காட்டுவதைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்லலாம். இரு ஓரங்களிலும் துளைகள் கொண்ட ஒரு நீண்ட தாள். அதில் ஒன்றிலிருந்து நாற்பது வரை இருக்கை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரே பெயர். அது என் பெயர். கண்டியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்கிய எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், அந்தத் தாளை அச்சு இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்து, கேடயம் வென்றவனைப்போல் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பாடசாலை விவாத அணியின் தலைவனாகப் பல மேடைகளைக் கண்டவன் நான். கைதட்டல் கேட்காத வெற்றியை வெற்றியென ஏற்க அப்போது எனக்குத் தெரியாது.

யுத்தம் மீண்டும் மூண்டிருந்த காலம் அது. பல்லேகலயிலிருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பெண்களை மாலையில் வீடு சேர்க்கும் பஸ்கள், வழியிலிருந்த சோதனைச் சாவடியில் பெயர்ப்பட்டியலைக் காட்டியே நகர வேண்டும். எந்த இருக்கையில் எவர் என்பதை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருநாள் இரண்டு தோழிகள் கதை பேசுவதற்காக இடம் மாறி அமர்ந்துவிட்டனர். பஸ்ஸில் இருந்த அனைவரையும் இறக்கி, இருட்டும்வரை தெருவோரத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். அந்தப் பட்டியலை அச்சிடும் புரோகிராம் எங்களுடையது. திகன செல்லும் பஸ்ஸில் பதினோராம் இருக்கை எங்கள் அலுவலகத் தட்டச்சாளரின் தங்கைக்கு உரியது. திகன முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றே அழைப்பர். என்னைவிட மூன்றே வயது மூத்த அந்தத் தட்டச்சாளரும் எங்களுக்குத் தாத்தாதான்.

தொழிற்சாலைக்குப் புதிய கணினிகள் வந்தபோது, பழைய மொழியில் எழுதிய புரோகிராமைப் புதியதற்கு மாற்றும் பணி என்னிடம் வந்தது. பழைய மொழியில் ஒரு வசதி இருந்தது. திரையிலுள்ள நாற்பது பெயர்ப் பெட்டிகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, எண்ணால் மட்டும் வேறுபடுத்தலாம். எதில் எழுதினாலும் ஒரே கட்டளைத்தொகுதி ஓடிவந்து கவனித்துக்கொள்ளும். புதிய மொழி அந்தக் கூட்டுக் குடும்பத்தைக் கலைத்துவிட்டது. அங்கே ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிப் பெயரோடு தனிக்குடித்தனம் நடத்தியது. நான் அஞ்சவில்லை. பெட்டிகளைத் தாங்கும் திரைப் படிவம் தன்மேல் உள்ளவை யாவற்றையும் தானே ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அந்தத் தொகுப்பை முதலிலிருந்து இறுதிவரை சுற்றிவந்தால் போதும், நாற்பது வரி வேலை நான்கு வரியில் முடியும். முடித்தேன், எல்லாப் பெட்டிகளிலும் என் பெயரை நிரப்பி அச்சிட்டேன், தாளைத் தூக்கிக் காட்டினேன்.

தாத்தா கைதட்டவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“எல்லாத்திலயும் உங்கட பேர்தான் ஈக்கிது. அப்ப ஆள் மாறி விழுந்தா எப்பிடித் தெரியும்?”

எளிய கேள்வி. அதற்கு நான் எழுந்து நின்று, கணினியின் நேர்மை, தர்க்கத்தின் மாண்பு, ஐயம் என்னும் நோய் ஆகிய மூன்று தலைப்புகளில் விடையளித்தேன். எங்கள் முதலாளி, யாழ்ப்பாணத்தவர், நாங்கள் சேர் என்றழைப்பவர், தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று கேட்டார். நான் அமர்ந்ததும் தாத்தா, “ஒரு கேள்விதான் தம்பி கேட்டன். நீங்க ஒரு கூட்டமே வெச்சிட்டீங்க” என்றார். சேருக்குத் தேநீர் புரையேறியது.

பிறகு தாத்தா என் கதிரையில் அமர்ந்து, விசைப்பலகையைப் பாராமலே, மாமா மகளின் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளை, மணமகளில் தொடங்கி, ஒன்றாம் இருக்கையிலிருந்து வரிசையாக ஏற்றினார்; பதினொன்றில் தன் தங்கையை வைத்தார். அச்சு இயந்திரம் கரகரத்து ஓய்ந்தது. நாற்பதாம் இருக்கையில் கடைசியாக ஏறிய மாமா, ஒன்றாம் இருக்கையில் சாரதிக்குப் பக்கத்தில் வீற்றிருந்தார். முதலில் ஏறிய மணமகள் கடைசிக்குப் போயிருந்தாள். கடைசியாக வரைந்த பெட்டியையே அந்தத் தொகுப்பு முதலில் நீட்டியிருக்கிறது. நாற்பது பெயர்களும் தலைகீழ்.

“எங்கட மாமாவ டிரைவருக்குப் பக்கத்தில வெச்சா பஸ் திகனக்குப் போகாது. அவர் வழி செல்லிச் செல்லியே குருணாகலுக்குக் கொண்டுபோயிடுவார்” என்று தாத்தா சிரித்தார். சிரித்த வாய் மூடுமுன்னே அவருடைய விரல் பட்டியலில் இறங்கி, பதினோராம் இடத்தில் நின்றது. தங்கையின் பெயர் இருக்கவேண்டிய அங்கே வேறொருவர் பெயர் இருந்தது. அந்த விரல் அங்கிருந்து அகலவில்லை. மேடையில் எத்தனையோ எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமானதொன்றைக் கேட்டதில்லை.

“தம்பி, பல்லேகலக்குப் போற மூண்டு மணி பஸ்ஸுக்கு நான் வெளிக்கிடவேணும். நாளைக்கு அந்தப் பிள்ளையளுக்கு இதுதான் பட்டியல்” என்றார் சேர். மணி இரண்டு.

நான்கு வரிகளையும் அழித்தேன். எனக்கென ஒரு பட்டியலை அமைத்து, நாற்பது பெட்டிகளையும் என் கையாலேயே வரிசையில் நிறுத்தத் தொடங்கினேன். தாத்தா எண்ணைச் சொல்ல நான் எழுத, நான் எழுதியதை அவர் திரையில் சரிபார்க்க, அது ஒரு பாட்டுப்போல் நடந்தது. இருபதைத் தாண்டும்போது சேரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். பின்னர் அந்தப் பட்டியலைச் சுற்றிவந்து, நாற்பதையும் ஒரே கட்டளைத்தொகுதியோடு இணைத்தேன். விருந்தாளிகளை மறுபடி ஏற்றினோம். மணமகள் ஒன்றில், மாமா நாற்பதில். சேர் புரோகிராமைப் பதிந்த குறுந்தட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்தை நோக்கி ஓடியது, ஐம்பது வயதுக்காரர் ஓடிய ஓட்டமில்லை. அதன்பின் எத்தனையோ மொழிகள் மாறிவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் பழைய மொழி எனக்காகச் சொல்லாமல் செய்துவந்தது எது என்று தேடுவதை அந்த ஒரு மணி நேரமே பழக்கியது.

மறுநாள் மாலை புதிய பட்டியலின் முதற் பயணத்தில் நானும் தாத்தாவும் திகன பஸ்ஸில் இருந்தோம். அன்று காலியாயிருந்த முப்பத்தொன்பதும் நாற்பதும் எங்களுக்கு. சாவடியில் ஒரு சிப்பாய் தாளோடு ஏறினார். அவர் பெயர்களைச் சிங்கள ஓசையில் வாசிக்க, பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராய்க் கை தூக்கினார்கள். பதினொன்று என்றதும் தாத்தா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். தங்கையின் கை உயர்ந்தது. சிப்பாய் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அடுத்த பெயருக்குப் போனார். நாற்பதும் முடிந்தது. “ஹரி, யன்ன” என்று சிங்களத்தில் போகச் சொல்லி, இறங்கிக் கையசைத்தார். பஸ் நகர்ந்ததும் எழுந்த கைதட்டலும் பைலா என்னும் துள்ளல் பாட்டும் நான் வென்ற எந்த மண்டபத்திலும் எழுந்ததில்லை.

தங்கை இருக்கையில் திரும்பி அமர்ந்து, “தாத்தா, நம்மட மாமாவ முன்னுக்கு ஏத்தின ஆள் இவர்தானா? பேச்சாளர் எண்டீங்களே, ஒண்டையும் காணல்லயே!” என்றாள். பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

“சுருக்கமா செல்லுங்க தம்பி, திகன வருது” என்றார் தாத்தா.

சுருக்கமாகவே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “இனி நான் செய்யும் எந்தப் பட்டியலும், அதில் பெயருள்ள ஒருவர் தம் கண்ணால் வாசித்து ‘என் இடம் சரி’ என்று சொல்லாமல் என் மேசையைவிட்டு வெளியே போகாது.”