பாட்டை நிறுத்த வேண்டியவர்

முள்ளைத் தூக்கி இசைத்தட்டின் கடைசி அரை அங்குலத்தில் மறுபடி வைக்கிறார் நெவில் பிக்கர்ஸ்கில். இருபது விநாடி பாட்டு. பிறகு குரல்கள் தேய்ந்து தேய்ந்து, தெருமுனை திரும்பிப் போனதுபோல் இல்லாமலாகின்றன. மறுபடி முள். அடுக்களையிலிருந்து அம்மா கேட்கிறார்: "ஏன்டா, அந்தப் பாட்டுக்கு ஆரம்பமே கிடையாதா?"

நெவிலுக்கு இருபது வயது. பகலில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தை ஒட்டிய ரொட்டி ஆலையில் வண்டிகளுக்குச் சுமை ஏற்றுகிறார். மாலையில் நால்வர் குழு ஒன்றில் டிரம்ஸ். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. ஆறிப்போன தேநீரைக்கூட அடிவரை குடித்துவிட்டுத்தான் எழுவார். கால்பந்தில் தன் அணி ஐந்து கோல் பின்தங்கியிருந்தாலும் கடைசி விசில்வரை மழையில் நிற்பார்.

கப்பலில் வேலை பார்க்கும் அத்தை மகன் நியூயார்க்கில் வாங்கிவந்த தட்டு இது. பாடியவர்கள் டெட்ராய்ட் பெண்கள் மூவர். நெவிலின் குழு அதை வேகமாக்கி, பியானோ வரும் இடத்தில் கிட்டாரைப் போட்டு, தங்கள் பாட்டாகவே மாற்றிவிட்டது. முடிவுதான் கிடைக்கவில்லை. தட்டில் யாரோ ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். மேடையில் யார் குறைப்பது?

போன வாரம் மீனவர் மன்றக் கூடத்தில் தாங்களே மெல்ல மெல்ல அடக்கி வாசித்துப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி பழுது என்று நினைத்து ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். "கரண்டு மீட்டர்ல இன்னொரு ஷில்லிங் காசு போடுங்கப்பா, போட்ட காசு தீர்ந்துபோச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

இந்தச் சனிக்கிழமை லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் வருகிறார். பிடித்திருந்தால் பதிவுக்கு அழைப்பார்.

"அந்தப் பாட்ட விட்டுடலாம்டா" என்கிறார் பாடகர் ஆலன் த்ரெட்கோல்ட்.

"நம்மகிட்ட இருக்கிற நல்ல பாட்டே அது ஒண்ணுதான். அவங்க முடிக்காம விட்டத நாம முடிப்போம். ஒரே அடி. நாலு பேரும் கப்புனு நிக்கணும். அதுக்கு நீ ஒரு தடவ திரும்பி, பின்னால சைகை காட்டுற என்னப் பாக்கணும்."

"உன் மூஞ்சியப் பாக்கவா அரை மணி நேரம் தலை சீவிட்டு வர்றேன்? பொண்ணுங்க முன்னாடி நிக்கிறாங்க மாப்ள."

புதன்கிழமை ஒத்திகையில் பதினேழு முறை நிறுத்தினார்கள். பதினேழு முறையும் ஆலனின் குரல் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றது. "மறுபடி" என்றார் நெவில், ஒவ்வொரு முறையும் அதே குரலில்.

சனிக்கிழமை கூடத்தில் சுவர்கள் வியர்த்திருந்தன. லண்டன்காரர் மழைக்கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார். இரண்டு சுற்றில் நிறுத்த வேண்டிய கடைசிப் பல்லவி, மூன்றாவது சுற்றும் தொடங்கிவிட்டது. ஆலன் திரும்பவில்லை. அவர் முதுகையே பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்த நெவில் சட்டென்று எழுந்து நின்றார். முக்காலி பின்னால் சரிந்தது. கைகள் அடியை விடவில்லை. முன்வரிசைப் பெண்களின் கண்கள் மொத்தமாக ஆலனைத் தாண்டிப் போயின. அப்படி என்ன இருக்கிறது என்று ஆலனும் திரும்பினார்.

ஒரே அடி. நாலு பேரும் நின்றார்கள். நெவில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த பித்தளைத் தாளத்தட்டை, ஓசை அடங்க, இரு கைகளாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். கைதட்டல் எழுந்த பிறகும் விடவில்லை.