விதை வெங்காயமும் பட்டாளத்து ஹெலிகாப்டரும்

மேட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. அம்மா. பெரியப்பா, அவருக்கு ஒரு காது கேட்காது. அத்தை, அப்பாவின் தங்கை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசியாக நான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ஆறு கரையை உடைத்துக்கொண்டது. சேவுகம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். களம் மட்டும் மேடு. அங்கே வெங்காயம் போட்டு வைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதற்குள் ஒண்டிக்கொண்டோம். மாடுகளை முந்தின நாளே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவை நீந்திப் போய்விட்டன. எங்களுக்கு அந்தத் திறமை இல்லை.

விடியும்போதே அத்தைக்கு வலி எடுத்துவிட்டது. அக்கரையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. பிரசவ வலி என்று கத்திச் சொன்னோம். பரிசல் பாதி ஆற்றில் சுழன்று திரும்பிப் போனது. அத்தையின் புகுந்த வீடு திண்டுக்கல் நாகல் நகரில். பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாதான் அங்கே போய்ப் பேசி அழைத்து வந்தவர். அவளுக்கு ஒன்று ஆனால் அந்த வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது என்று அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை கேட்டார். அம்மா அத்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் சத்தம் வந்தது. பெரியப்பாவுக்கே கேட்டது. ஹெலிகாப்டர் என்ற ஒன்றை அன்றுதான் பார்த்தேன். களத்துக்கு நேர் மேலே வந்து அப்படியே நின்றது. பறக்கிற ஒன்று நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இறங்கும்போது அடித்த காற்றில் பட்டறையின் கூரை கிளம்பி ஆற்றில் போய் விழுந்தது.

ஓட்டுகிறவர் வடக்கத்தியார். அவரோடு ஒரு சிப்பாய். தமிழ் தெரியும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். ஆயக்குடிக்காரர். இறங்கியதும் குனிந்து களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூட்ஸோடு களத்தில் கால் வைக்கிறானே என்று சொல்ல வாயைத் திறந்த பெரியப்பா மூடிக்கொண்டார்.

சிப்பாய் உள்ளே போய் இருக்கைகளைச் சுவரோடு மடக்கினார். மேலே இருந்த கொக்கிகளில் ஒரு தூளியை மாட்டினார். அத்தையை அதில் படுக்க வைத்தார்கள். பட்டாளத்து வண்டி என்கிறார்கள், துப்பாக்கியைக் காணோமே என்று நான் கேட்டேன்.

“அதையும் மாட்டலாம் அம்மிணி. போன மாசம் மலைக்குச் சிப்பாய்கள ஏத்திப் போச்சு. நேத்து மாவு மூட்டை. காயம் பட்டவனையும் கொண்டு போகும். இன்னிக்குப் பிரசவத்துக்கு வந்திருக்குது” என்றார்.

எல்லோரும் ஏறினோம். சத்தம் கூடியது. வண்டி முழங்கால் உயரம் எழும்பியது. நடுங்கியது. மறுபடி உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை எழும்பி, இன்னொரு தடவை உட்கார்ந்தது. ஓட்டுகிறவர் திரும்பி ஏதோ சொன்னார். சிப்பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆள் கணக்கு சரியாக இருக்கிறது, எடை இடிக்கிறது என்றார். யார் மடியில் என்ன இருக்கிறது என்று மெதுவாகத்தான் கேட்டார்.

பெரியப்பா துண்டை அவிழ்த்தார். இரண்டு ஏர்க்கொழுவும் ஒரு மண்வெட்டியும். அப்பா காலுக்கடியிலிருந்து கமலை வடத்தை இழுத்தார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கயிறு, நனைந்து ஆள் கனம் இருந்தது. ஒருவர் ஒளித்துக் கொண்டுவந்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வெளியே தள்ளினார்கள். வண்டி எழும்பி, மறுபடி உட்கார்ந்தது.

“ஏனுங்கக்கா, தலையணை இம்புட்டுப் பெருசா இருக்குதுங்களே?” என்றார் சிப்பாய்.

அத்தையின் தலைக்கடியில் இருந்தது தலையணை இல்லை. ஒரு மூட்டை விதை வெங்காயம். அடுத்த பட்டத்துக்கு நட வைத்திருந்தது. அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வெதைய விட்டுட்டு உசுர மட்டும் கொண்டு போயி என்ன தம்பி செய்ய?”

“நீ அதுக்கு மேல படுத்திருன்னுதான் சொன்னாக. நான் என்ன செய்ய” என்று வலிக்கு நடுவில் அத்தை சொன்னாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா மூட்டையைத் தானே தூக்கி வெளியே போட்டாள். அப்பவும் வண்டி எழும்பவில்லை. ஓட்டுகிறவர் ஒரு விரலைக் காட்டினார். அப்பா உடனே குதித்துவிட்டார். அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

சிப்பாய் கதவில் நின்று களத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் தண்ணீர் தொட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓட்டுகிறவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். இவர் மறுபடி சொன்னார். பிறகு இவரும் குதித்தார்.

“ஒத்தையில நிக்க வேண்டாமுங்க மாமா. நான் இருக்கறேன்.”

அதோடு நிற்கவில்லை. வெங்காய மூட்டையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தார். இப்போது தாங்கும் என்றார். தாங்கியது.

வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கினார்கள். அத்தையை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எண்ணெய் ஊற்றிக்கொண்டு வண்டி திரும்பிப் போனது. பொழுது சாய்வதற்குள் அப்பாவும் சிப்பாயும் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. சிப்பாய் கையைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். இது எம்புட்டு எடைங்க என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தையில் அந்த விதையை நட்டோம். நன்றாக விளைந்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எஞ்சின் விவரம் எல்லாம் மருமகன் சொல்லித்தான் தெரியும். அந்தக் காலத்து வண்டியில் லாரிக்கு இருப்பது போன்ற எஞ்சினாம். அதுவே பெரிய கனமாம். பிறகு சின்னதாய், பலமாய் வேறு எஞ்சின் வந்தது. இப்போது இரண்டு வைத்துக் கட்டுகிறார்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று கொண்டு சேர்த்துவிடும். பனி மலை உச்சியிலும் இறங்குமாம். அன்றைக்கு இந்த வண்டி வந்திருந்தால் எங்கள் குடும்பம் முழுவதையும் வடம், கொழுவோடு ஏற்றிக்கொண்டிருக்கும் என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சிப்பாய் ஏன் இறங்கினார் என்பதை நான் வெகு காலம் தப்பாகவே நினைத்திருந்தேன். தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, வெங்காயத்துக்கு இடம் விட்டு இறங்கினார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பா திருத்தவில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் அப்பாவாகவே சொன்னார். வண்டி கிளம்பிப் போன பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்ததாம். சிப்பாய்க்கு அது முதலிலேயே தெரியுமாம். தன் ஆள் ஒருவன் கீழே நின்றால் வண்டி கட்டாயம் திரும்பி வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். வேறு பக்கம் எத்தனை பேர் கூப்பிட்டாலும் முதலில் இங்கேதான் வரும். அப்பா இதைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

வண்டி திரும்பி வந்தபோது களத்தில் தரை எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டேன்.

“நாலு முழம்” என்றார்.